.32 பிஸ்டல்: தோட்டா ஏத்துறதும் இறக்குறதும், சரியான முறை எது?

வண்ணாரப்பேட்டை_புதுசு:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். உரிமம் கைக்கு வந்து, அரசு ஆயுதத் தொழிற்சாலை .32 பிஸ்டல் ஒண்ணு வாங்கியாச்சு. சின்ன சைஸ். எஸ்-1 பயிற்சிச் சான்றிதழுக்கு (ஆயுதத்தைப் பாதுகாப்பா கையாளப் படிச்சதுக்குத் தர்றது) போனப்ப சொல்லித் தந்தாங்க, ஆனா கூட்டத்தோட நின்னு பாத்ததுதான், கை பழகலை.

சந்தேகங்கள் இதுதான். இறக்கும்போது ஒரு வீடியோவுல முதல்ல மேகசினை (கைப்பிடிக்குள்ள போற தோட்டாப் பெட்டி) உருவுதாங்க, இன்னொண்ணுல முதல்ல ஸ்லைடை (மேல முன்ன பின்ன ஓடுற பாகம்) இழுக்காங்க. எது சரி? ரெண்டாவது, ஸ்லைடு கல்லு மாதிரி இருக்கு, பாதி வந்து நின்னுருது. மூணாவது, மேகசினை முழுசா நிரப்பிட்டா உள்ள போய் மாட்ட மாட்டேங்குது. கடைசியா, தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்லா, அங்க எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கணும்?

பொருநைக்கரை:

இறக்குறதுல இருந்தே ஆரம்பிக்கேன் தம்பி. ஏத்துறதுல தப்பு பண்ணுனா பெரும்பாலும் பிஸ்டல் சுடாது. இறக்குறதுல தப்பு பண்ணுனா சுடும்.

ஸ்லைடை முதல்ல இழுக்கச் சொன்ன வீடியோ தப்பு. என்ன நடக்கும்னு பாருங்க. ஸ்லைடை இழுத்ததும் சேம்பர்ல (குழலோட பின்முனையில தோட்டா உக்கார்ற அறை) இருந்த தோட்டா வெளிய தெறிச்சு விழும். அதைக் கண்ணால பாத்துட்டோம்னு மனசு ஆறிரும். ஆனா ஸ்லைடு திரும்ப முன்னால போறப்ப, மேகசின்ல மேல நிக்கிற அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கிட்டுப் போய் சேம்பர்ல அடைச்சிரும். அதுக்கப்புறம் மேகசினை உருவுதோம். மேகசின் கையில இருக்கு, ஒரு தோட்டா தரையில கிடக்கு, எல்லாம் காலின்னு நம்புதோம். சேம்பர்ல ஒண்ணு உக்காந்திருக்கும். துடைக்கும்போது வெடிச்சதுன்னு பேப்பர்ல வருதே, அதுல பாதி இந்தக் கணக்காத்தான் இருக்கும்.

அதனால வரிசை மாறவே கூடாது. பிஸ்டலோட வாய் (குழல் முனை) பாதுகாப்பான திசையில, விரல் வெளிய, மேகசினை உருவு, அப்புறம் ஸ்லைடு, அப்புறம் கண்ணால பாரு, விரலால தடவு.

இனி விவரம். வலது கையில பிடிச்சு, ஆள்காட்டி விரலை ட்ரிகர் காப்புக்கு மேல, ஃப்ரேம் ஓரமா நீட்டி ஒட்டி வைங்க. சும்மா வெளிய தொங்க விட்டா, ஸ்லைடை இழுக்கிற வேகத்துல தானா உள்ள போயிரும். இழுக்கும்போது கை மொத்தமும் இறுகுதுல்லா, விரலும் சேர்ந்து மடங்கும். சேஃப்டி போட்டாலும் ஸ்லைடு நகருற மாடல்னா சேஃப்டி போட்டுக்கிடுங்க. சில மாடல்ல சேஃப்டி போட்டா ஸ்லைடே பூட்டிக்கிடும். அதுல வேற வழியில்ல, எடுத்துத்தான் ஆகணும், அப்ப விரல் மேல இரட்டைக் கவனம் வேணும். உங்களது எந்த வகைன்னு கூட வந்த கையேட்டுல போட்டிருக்கும்.

மேகசின் பூட்டு சில பிஸ்டல்ல கைப்பிடி ஓரத்துல பட்டனா இருக்கும், சிலதுல கைப்பிடிக்கு அடியில கொக்கியா இருக்கும். அடிக்கொக்கின்னா இடது கை வேணும். அந்த நேரம் பிஸ்டலோட வாய் தன்னால மேலயோ வயித்துப் பக்கமோ திரும்பும், பாத்துக்கிடுங்க. உருவுன மேகசினைச் சட்டைப் பையில போடுங்க, இல்ல தள்ளி வைங்க. அதே கையில பிடிச்சுக்கிட்டு ஸ்லைடை இழுக்காதீங்க.

அடுத்து ஸ்லைடை முழுசா பின்னால இழுத்து விடணும். தோட்டா எங்க விழுதோ விழட்டும். ஸ்டைலா உள்ளங்கையை மேல வச்சு மூடிக்கிட்டு தோட்டாவைக் கையில பிடிக்காங்க பாருங்க, அதைப் பழகவே வேண்டாம். தோட்டா வெளியேறுற வழி அடைபட்டா அது திரும்பி மாட்டும். எஜெக்டர் (தோட்டாவை வெளிய தட்டிவிடுற துண்டு) நுனி போய் ப்ரைமர்ல (தோட்டா அடியில மருந்தைப் பத்தவைக்கிற மூடி) இடிச்சா சேம்பருக்கு வெளியவே, உங்க உள்ளங்கைக்குள்ளயே வெடிக்கும். பித்தளை சிதறுனா விரல் போயிரும். ஒரு தோட்டாவுக்காக அது தேவையா?

ரெண்டு மூணு தடவை வேகமா இழுத்து விடுங்க. ரெண்டாவது தடவையும் ஒரு தோட்டா வந்துதுன்னா மேகசின் உள்ளயே இருக்குன்னு அர்த்தம். நிறுத்திட்டு முதல்ல இருந்து தொடங்கணும். ஒண்ணுமே வரலன்னா? காலின்னு முடிவு பண்ணிராதீங்க. எக்ஸ்ட்ராக்டர் நகம் (தோட்டாவைக் கவ்வி வெளிய இழுக்கிறது) தேய்ஞ்சிருந்தாலோ உடைஞ்சிருந்தாலோ, சேம்பர்ல தோட்டா இருந்தும் வெளிய வராது. அதனால ஸ்லைடைப் பின்னால பூட்டி வச்சுட்டு வெளிச்சத்துல பாக்கணும். சேம்பர், மேகசின் போற குழி, ஸ்லைடோட முகம், மூணையும் பாக்கணும். கரண்டு இல்லாத நேரம்னா டார்ச் அடிங்க, இல்லன்னா சுண்டுவிரல் நுனியைச் சேம்பர் வாயில வச்சுத் தடவுங்க. வட்டமான ஓட்டை தட்டுப்படணும். தட்டையா பித்தளை தட்டுச்சுன்னா தோட்டா இருக்கு.

பழைய மாடல் பல பிஸ்டல்ல கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு தானா பின்னால நிக்காது, மூடிக்கிடும். அதுல வெளிய இருந்து பாத்தா நிறைஞ்சதும் காலியும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.

கடைசியில எண்ணிப் பாருங்க. மேகசின்ல ஏழு போட்டிருந்தா, மேகசின்ல மிச்சம் இருக்கிறதும் தரையில கிடக்கிறதும் சேர்ந்து ஏழு வரணும். ஆறுன்னா தரையைத் தேடுறதுக்கு முன்னால சேம்பரை இன்னொரு தடவை பாருங்க.

கல்லிடை_ஆர்மரர்:

மேல அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. மேகசின் விஷயத்தை நான் சொல்லுதேன், ஏன்னா .32க்குன்னு ஒரு தனித் தொந்தரவு உண்டு.

முதல்ல தோட்டா சரியானதான்னு பாக்கணும். நம்ம நாட்டுல .32ன்னா ரெண்டு இருக்கு. பிஸ்டலுக்கு வர்றது .32 ஏ.சி.பி., பித்தளைக் குப்பி 17 மில்லிமீட்டர் நீளம், முனையில செம்புப் பூச்சு போட்ட குண்டு. ரிவால்வருக்கு வர்றது 23 மில்லிமீட்டர் குப்பி, அடியில விளிம்பு நல்லா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பெரும்பாலும் வெறும் ஈயக் குண்டு. பில்லுல ரெண்டையும் ".32"ன்னே எழுதிருவாங்க. வீட்டுல அப்பா காலத்து ரிவால்வரும் இருந்தா ரெண்டு டப்பாவையும் கலக்கவே கூடாது.

ஒவ்வொரு தோட்டாவையும் கையில எடுத்து உருட்டிப் பாருங்க. பச்சை பூத்திருந்தா, நசுங்கி இருந்தா, ப்ரைமர் அடிமட்டத்துக்கு மேல துருத்திக்கிட்டு இருந்தா, குண்டு குப்பிக்குள்ள உள்வாங்கி இருந்தா தனியா எடுத்து வச்சிருங்க. இதுல உள்வாங்குனதுதான் மோசம். குண்டு உள்ள போனா மருந்து இருக்கிற இடம் சுருங்கும், வெடிக்கும்போது அழுத்தம் தாறுமாறா ஏறும். ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பர்ல ஏத்தி ஏத்தி இறக்குறவங்களுக்கு இது வரும். ஒவ்வொரு தடவையும் குண்டு மூக்கு ஏறுசரிவுல (தோட்டாவைச் சேம்பருக்குள்ள ஏத்திவிடுற சரிவு) இடிக்கும்லா.

இனி நிரப்புறது. .32 ஏ.சி.பி. பாதி விளிம்புத் தோட்டா. விளிம்பு குப்பியை விட ஒரு முடி அளவு, பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் போல வெளிய நிக்கும். மேகசினுக்குள்ள மேல இருக்கிற தோட்டாவோட விளிம்பு, கீழ இருக்கிறதோட விளிம்புக்கு முன்னால நிக்கணும். பின்னால போய் விழுந்துட்டா ரெண்டும் கொக்கி போட்டது போல மாட்டிக்கிடும். ஸ்லைடு தள்ளுனாலும் நகராது. அப்படி மாட்டுனதைச் சுட்டுக்கிட்டு இருக்கும்போது சரி பண்ண முடியாது, மேகசினை உருவி ஒவ்வொண்ணா எடுத்துத்தான் ஆகணும்.

வராம இருக்க வழி: மேகசினை இடது கையில, உதட்டுப் பக்கம் (தோட்டாவைப் பிடிச்சு வைக்கிற மேல் விளிம்பு) மேல, தோட்டா மூக்கு போற பக்கம் வலது கையைப் பாத்து இருக்கட்டும். உள்ள இருக்கிற தோட்டாவோட முன்பக்கத்தை இடது கட்டைவிரலால கீழ அமுக்கி, புதுசை முன்னால இருந்து உதட்டுக்குக் கீழ பின்னோக்கித் தள்ளுங்க. பின்சுவர்ல போய் முட்டணும். மேகசின் சாய்வா இருக்கிறதால எல்லாம் பின்சுவரோட ஒட்டி நின்னாலே, மேல உள்ளது தன்னால முன்னால வந்திரும். நிரப்பி முடிச்சதும் மேகசினோட முதுகை உள்ளங்கையில லேசா ஒரு தட்டு. அப்புறம் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால அரை சென்டிமீட்டர் முன்னால தள்ளிப் பாருங்க. வழுக்கிக்கிட்டுப் போனா நல்லது, திருப்பித் தள்ளி வச்சிருங்க. முரண்டு பிடிச்சா இறக்கிட்டு மறுபடி போடுங்க. குட்டையான பள்ளமூக்குத் தோட்டாவுல இந்த மாட்டல் கூடுதலா வரும், ஏன்னா முன்னால இடம் காலியா இருந்து தோட்டா முன்ன பின்ன ஆடும்.

உங்க மூணாவது கேள்விக்கு வாறேன். ஸ்லைடு மூடியிருக்கும்போது முழு மேகசினைத் தள்ளுனா, மேல் தோட்டா ஸ்லைடோட அடியில முட்டும். ஸ்பிரிங் ஏற்கெனவே கடைசி வரை அமுங்கிப் போயிருக்கும், அதனால பூட்டு மாட்டாது. ஒரு தோட்டா குறைச்சுப் போடுங்க, தீர்ந்தது. எட்டு கொள்ற மேகசின்னா ஏழு. ஒரு தோட்டா போச்சேன்னு நினைக்காதீங்க. பாதி மாட்டுன மேகசின் முதல் வேட்டுக்கே காலடியில விழும். உள்ளங்கை அடிப்பகுதியால ஒரே தள்ளா தள்ளி, சத்தம் கேட்டதும் கீழ பிடிச்சு ஒரு இழு இழுத்துப் பாருங்க. வரலன்னா மாட்டியாச்சு.

வண்ணாரப்பேட்டை_புதுசு:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒண்ணு குறைச்சுப் போட்டதும் சட்டுன்னு மாட்டிக்கிச்சு. ஸ்லைடுதான் இன்னும் வழிக்கு வரலை. ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சு இழுக்கேன், வழுக்குது.

தென்காசி_சாரல்:

கிள்ளிப் பிடிக்கிறதை விடுங்க. முதல்ல மேகசினையும் தோட்டாவையும் வேற அறையில வச்சுட்டு வாங்க, பழகுறதெல்லாம் வெறும் பிஸ்டல்லதான்.

சின்ன பிஸ்டல் ஸ்லைடு ஏன் இவ்வளவு இறுக்கம்னு பலருக்கும் கேள்வி. பெரிய பிஸ்டல்ல வெடிக்கிற நேரம் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் சேர்ந்து போகும். .32 சின்ன பிஸ்டல் பெரும்பாலும் அப்படிப் பூட்டு இல்லாதது. ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கோட பலமும்தான் பின்னால போற வேகத்தைத் தாங்கணும். ஸ்லைடு சின்னது, எடை குறைவு, அதனால ஸ்பிரிங்கை விறைப்பா வச்சிருக்கான். ஹேமர் (பின்னால இருந்து அடிக்கிற சுத்தி) உள்ள வகைன்னா ஸ்லைடு இழுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் சாய்க்கணும்.

பிஸ்டலை நெஞ்சுக்குக் கிட்ட, முழங்கை விலாவுல ஒட்ட, வாய் நேர் முன்னால. இடது கையைக் கவிழ்த்து ஸ்லைடோட பின்பாதியில போடுங்க. நாலு விரல் ஒரு பக்கம், உள்ளங்கை மேடு மறுபக்கம், வரி வெட்டியிருக்கிற இடத்துல. குப்பி வெளியேறுற சன்னலை மூடாதீங்க. இப்ப ஸ்லைடை இழுக்காதீங்க, இடது கையை அப்படியே இறுக்கி வச்சுக்கிட்டு வலது கையால பிஸ்டலை முன்னால குத்துங்க. தள்ளுறதுக்குத் தோள் பலம் கிடைக்கும், கிள்ளி இழுக்க விரல் பலம்தான். கடைசி வரை வந்ததும் இடது கையைச் சட்டுன்னு விட்டுருங்க.

அந்த 'விட்டுருங்க' முக்கியம். பயந்துக்கிட்டு ஸ்லைடைப் பிடிச்ச பிடியிலேயே மெதுவா முன்னால கொண்டுபோய் விட்டா தோட்டா பாதியில நிக்கும். ஸ்லைடு முழுசா மூடியிருக்காது, ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் பின்னால நிக்கும். அப்ப ட்ரிகர் வேலை செய்யாது. ஸ்பிரிங் முழு வேகத்தோட அடிச்சாத்தான் தோட்டா ஏறுசரிவுல ஏறி, விளிம்பு எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்குக் கீழ போய் உக்காரும். அதேபோல, மேகசின் இல்லாம ஒரே ஒரு தோட்டாவைக் கையால சேம்பர்ல போட்டு ஸ்லைடை விடவும் கூடாது. நகம் விளிம்பு மேல ஏறித் தாண்ட வேண்டியிருக்கும், நாளடைவுல உடையும்.

ரெண்டு எச்சரிக்கை. ஸ்லைடு இழுக்கிறப்ப வலக்கைக்காரங்க எல்லாருக்கும் பிஸ்டல் இடது பக்கம் திரும்பும். பக்கத்துல நிக்கிற ஆள் மேல வாய் போகும். கை திரும்பத்தான் செய்யும்னா உடம்பைத் திருப்பி நில்லுங்க, பிஸ்டல் வாய் முன்னாலயே இருக்கட்டும். இன்னொண்ணு, குட்டைக் குழல் பிஸ்டல்ல இடது கை சுண்டுவிரல் வாய்க்கு முன்னால வந்துரும், தெரியவே தெரியாது. கண்ணாடி முன்னால நின்னு ஒரு தடவை பாருங்க. வலது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால நின்னா சுடும்போது தோலைச் சீவிரும், அது தனிக் கதை.

ஏத்தி முடிச்சதும் சேஃப்டி. சேம்பர்ல தோட்டா இருக்க ஹேமரைக் கட்டைவிரலால பிடிச்சு மெதுவா இறக்கிறது வேண்டவே வேண்டாம். அதுக்குன்னு தனி நெம்புகோல் உள்ள மாடல்னா அதைப் பயன்படுத்துங்க, இல்லன்னா ஹேமரைத் தொடாதீங்க. வேர்த்த கையில வழுக்குனா முடிஞ்சது.

மேலப்பாளையம்_77:

இவ்வளவு கஷ்டப்பட்டு ஸ்லைடு இழுக்கிறதுக்கு, சேம்பர்ல ஒண்ணை ஏத்தியே வச்சிருந்தா என்ன? அவசரத்துக்கு ஆகும். சேஃப்டிதான் இருக்கே.

பொருநைக்கரை:

சேஃப்டிங்கிறது பெரும்பாலும் ட்ரிகரையோ, அது பிடிச்சு வச்சிருக்கிற உறுப்பையோதான் பூட்டுது. புது வடிவமைப்புல ட்ரிகரை முழுசா அமுக்குனாத்தான் ப்ரைமரைக் குத்துற ஊசி முன்னால போகும்ங்கிற மாதிரி ஒரு தடுப்பு உள்ள இருக்கும். 1900கள்ல போட்ட அமைப்பை ஒட்டி வர்ற பல .32 பிஸ்டல்ல அது கிடையாது. வாய் கீழ இருக்கிற மாதிரி சிமெண்ட் தரையில விழுந்தா, ஊசி தன் எடையிலேயே முன்னால போய் ப்ரைமரைக் குத்த வாய்ப்பு உண்டு. உங்க மாடல்ல ஊசித் தடுப்பு இருக்குன்னு கையேட்டுல தெளிவா எழுதியிருந்தா ஒழிய, சேம்பர் காலி, மேகசின் தனி, இதுதான். வீட்டுல வைக்கிறப்ப பூட்டுன பெட்டியில பிஸ்டல் ஒரு இடம், பூட்டுன இன்னொரு இடத்துல தோட்டா. சாவி ரெண்டும் ஒரே கொத்துல தொங்கக் கூடாது.

கையில இருந்து நழுவுனா இன்னொரு விஷயம்: பிடிக்கப் போகாதீங்க. விழட்டும். பாய்ஞ்சு பிடிக்கும்போது விரல் நேரா ட்ரிகருக்குத்தான் போகும். கீறல் விழுந்தா விழட்டும், கடைக்காரர் பாலிஷ் போட்டுத் தருவார்.

வேட்டி மடிப்புலயும் இடுப்புலயும் சொருகுறவங்களைப் பாக்கேன். உறை இல்லாம எடுத்துக்கிட்டுப் போற எந்தப் பிஸ்டலும் ஏத்துன பிஸ்டலா இருக்கக் கூடாது. ட்ரிகரை முழுசா மூடுற உறை வேணும். உரிமத்துக்குப் பின்னால உள்ள நிபந்தனையையும் வாசிங்க: தனி அனுமதி இல்லாம திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் இங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது. ஆனித் தேரோட்டமும் அதுல சேரும், ஊர்க் கோயில் கொடை விழாவும் சேரும். கொடையில வானத்தைப் பாத்துச் சுடுறவங்களுக்கு ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துல தனிப் பிரிவே வந்தாச்சு, 25(9). ரெண்டு வருசம் வரை சிறை, இல்லன்னா ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

மேலப்பாளையம்_77:

சரி அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். ஆனா வீட்டுல "பாதுகாப்பான திசை"ன்னா எது? எல்லாப் பக்கமும் ஆள் இருக்கு. மாடி போட்ட வீடு, கீழ தரை மொசைக்.

கல்லிடை_ஆர்மரர்:

நல்ல கேள்வி, இதை யாரும் பேசுறதில்ல. மொசைக், கடப்பா, கான்கிரீட் எதுவும் ஆகாது, குண்டு தெறிச்சுத் திரும்பும். செங்கல் சுவர் பரவாயில்லன்னு தோணும், ஆனா ஒத்தைக்கல் சுவரை நம்பாதீங்க. வானம் திசையே கிடையாது, மேல போனது கீழ வந்துதான் ஆகும்.

மணல் தொட்டி வைங்க. பழைய இரும்பு டிரம், அடி பலமா இருக்கணும், ரெண்டடி ஆழத்துக்குக் குறையாம மணல். சலிச்ச மணலா இருக்கணும், கூழாங்கல் ஒண்ணு கிடந்தாலும் தெறிக்கும். காய்ஞ்சிருக்கணும், ஈர மணல்ல குண்டு இன்னும் ஆழம் போகும். ஐப்பசி கார்த்திகையில மூடி போட்டு வைங்க. கொஞ்சம் சாய்வா நிறுத்தி, பிஸ்டல் வாயை மணலுக்கு ஒரு சாண் உயரத்துல நீட்டி, அங்க வச்சே ஏத்துங்க, இறக்குங்க. வாயை மணலுக்குள்ள புதைக்கக் கூடாது. குழல்ல மணல் போய் அடைச்சா, அடுத்த வேட்டுல குழல் பிளக்கும். ரேஞ்சுலயும் காவல் முகாம்லயும் இறக்குற இடம்னு தனியா வச்சிருக்கிறது இதுக்குத்தான். தொட்டி இருக்குங்கிறதுக்காக விரலை உள்ள விட்டுராதீங்க, அது தப்பு நடந்தா தாங்குறதுக்கு.

திசையன்விளை_உப்புக்காத்து:

சுட்டு வெடிக்காம போனா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல, சேர்த்துக்கிடுதேன்.

ட்ரிகர் அமுக்குனா "டிக்"குன்னு மட்டும் கேட்டுச்சுன்னா, பிஸ்டலை அப்படியே இலக்குப் பாத்துப் பிடிச்சுக்கிட்டு அரை நிமிசம் நில்லுங்க. மருந்து தாமதமாப் பத்தி வெடிக்கிறது அபூர்வம், ஆனா உண்டு. அப்புறம் வழக்கம்போல மேகசின், ஸ்லைடு. அந்தத் தோட்டாவை மறுபடி போட்டுச் சுடாதீங்க, தனி டப்பா. வாங்குன கடையிலேயே கேட்டு ஒப்படைங்க, குப்பையில போடக் கூடாது.

இதை விட ஆபத்து "புஸ்"ஸுன்னு சத்தம் கம்மியா கேக்கிறது. குண்டு குழலை விட்டு வெளிய போகாம நடுவுல நின்னிருக்கலாம். அதோட நிறுத்தணும். ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏத்திச் சுட்டா கையிலேயே வெடிக்கும். இறக்கிட்டு, காலின்னு உறுதி பண்ணிட்டு, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்க.

சேம்பர்ல உயிருள்ள தோட்டா சிக்கி ஸ்லைடே நகரலன்னா, வாய் வழியா கம்பி விட்டுக் குத்துறதோ ஸ்குருடிரைவர் வச்சு நெம்புறதோ கூடாது. மேகசினை மட்டும் உருவிட்டு, வாயைப் பாதுகாப்பா வச்சு, முதல்ல போன்ல உரிமம் உள்ள ஆயுதக் கடைக்காரரிடம் சொல்லுங்க. அவர் சொல்லுறபடி கொண்டுபோங்க. மடியில வச்சுப் பஸ்ஸுல போகாதீங்க.

சிக்குறதுக்குக் காரணம் நம்ம பக்கம் பெரும்பாலும் ரெண்டு. உவரி, இடிந்தகரை ஓரமெல்லாம் உப்புக்காத்து, சேம்பர்ல கண்ணுக்குத் தெரியாத துரு சொரசொரப்பு. உள்ள தேரிக்காட்டுச் செம்மண் தூசி, எண்ணெயோட சேர்ந்து பசையாயிரும். அதனால எண்ணெய் துளிக் கணக்குதான். ஸ்லைடு ஓடுற தடம் ஒவ்வொண்ணுலயும் ஒரு துளி போதும், சேம்பரைத் துடைச்சுக் காய வச்சிருங்க. தோட்டா மேல எண்ணெய் படவே கூடாது, ப்ரைமர் ஓரமா இறங்கி மருந்தைச் செத்துப்போக வைக்கும். தோல் பெல்ட்டுல மாசக்கணக்கா சொருகி வச்சாலும் பித்தளை பச்சை பூக்கும், தோல் பதனிட்ட ரசாயனத்தால. காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம்.

தென்காசி_சாரல்:

ஸ்டேஷன் கேள்வி பாக்கி இருக்கு.

வீட்டுலயே இறக்கிட்டுப் போங்க, ஸ்டேஷன் வாசல்ல நின்னு இறக்காதீங்க. ஸ்லைடைப் பின்னால பூட்டி, மேகசின் குழி வழியா விட்டு குப்பி வெளியேறுற சன்னல் வழியா வெளிய வர்ற மாதிரி ஒரு கலர் நாடா கட்டுங்க. நாடா உள்ள இருக்கும்போது ஸ்லைடு மூடாது, தூரத்துல இருந்தே காலின்னு தெரியும். ஸ்லைடு பூட்டு இல்லாத மாடல்னா நாடாவை மடிச்சுக் கட்டை போலக் கொடுத்து நிறுத்துங்க. பிஸ்டல் ஒரு பெட்டியில, தோட்டா எண்ணி வேற டப்பாவுல, உரிமப் புத்தகம் கையில.

உள்ள போனதும் பையில இருந்து நீங்களா உருவி எடுக்காதீங்க. ஆயுதம் ஒப்படைக்க வந்திருக்கேன், பெட்டியில இருக்கு, காலியா இருக்குன்னு ரைட்டர்கிட்ட வாயால சொல்லிட்டு, எடுக்கச் சொன்னப்புறம் எடுங்க. வாய் சுவரைப் பாத்து, கைப்பிடி அவரைப் பாத்து மேசையில வைங்க. அவரும் சேம்பரைப் பாக்கணும், பாக்கலன்னா "பாத்துக்கிடுங்க சார்"னு நீங்களே காட்டுங்க. ரசீதுல பிஸ்டல் நம்பர், மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை மூணும் இருக்கான்னு அங்கேயே சரிபாருங்க. ஸ்டேஷனுக்குப் பதிலா உரிமம் உள்ள ஆயுதக் கடையிலயும் ஒப்படைக்க அனுமதிக்கிறது உண்டு, வந்த உத்தரவுல எப்படிப் போட்டிருக்குன்னு பாத்துக்கிடுங்க.

திரும்ப வாங்கும்போது காலியாத்தான் இருக்கும்னு நினைச்சு வாங்காதீங்க. ஸ்லைடைத் திறந்து பாத்துட்டுத்தான் பெட்டியில வைக்கணும். யாரும் தப்பா எடுத்துக்கிட மாட்டாங்க.

வண்ணாரப்பேட்டை_புதுசு:

முன்னால குத்துற முறையில ஸ்லைடு முழுசா வந்துருச்சு அண்ணாச்சி. ஸ்லைடு பூட்டு என்னோடதுல இல்ல, நாடாதான் கட்டணும் போல. பழகுறதுக்கு டம்மி தோட்டா வாங்கலாமா?

கல்லிடை_ஆர்மரர்:

வாங்குங்க, ஆனா .32 ஏ.சி.பி. அளவுன்னு கேட்டு வாங்குங்க. பளிச்சுன்னு சிவப்போ ஆரஞ்சோ நிறத்துல இருக்கணும். பித்தளை நிறத்துல உள்ள டம்மி வேண்டாம், நிஜத் தோட்டாவோட கலந்துரும். மேகசின்ல அஞ்சு போட்டு ஏத்தி, இறக்கி, எண்ணிப் பழகுங்க. விளிம்பு சரியா உக்காருதான்னு பாக்கவும் அதுவே போதும். விளிம்பு இல்லாத மலிவு டம்மி வருது, அது எக்ஸ்ட்ராக்டர்ல மாட்டாது.